கிடாவிடம் சொன்னது

பாலைவனத்து ஊரான தின்ஸவாத்தீனில் மாமியார் ஒரு சந்தில் வருகிறாள் என்றால் மருமகன் அடுத்த சந்தில் போய்விடுவான். அடுத்த சந்து இல்லையென்றால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வான். அவள் எதிரில் சாப்பிட மாட்டான், தண்ணீர் குடிக்க மாட்டான், ஆண்கள் தலையையும் முகத்தையும் மூடிச் சுற்றுகிற முகத்துணியை மூக்குக்குக் கீழே இறக்க மாட்டான், அவள் பெயரைச் சொல்ல மாட்டான். அவளும் அப்படித்தான். மருமகன் இருக்கிற இடத்தில் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட மாட்டாள். இந்த மரியாதையைக் காப்பாற்ற ஊரில் சந்துகள் இருந்தன, கதவுகள் இருந்தன, நடுவில் நின்று பேச ஆட்களும் இருந்தார்கள். அமஸ்தான் மாட்டிக்கொண்டது இதில் ஒன்றுமே இல்லாத இடத்தில்.

அவன் மனைவி ஹவுலத்தாவுக்கு மாதம் நெருங்கியிருந்தது. தலைப்பிரசவம் தாயின் கூடாரத்தில்தான் நடக்க வேண்டும், அதுதான் முறை. தாயின் கூடாரமோ நாட்டெல்லைக்கு அந்தப் பக்கம், தெபக் கிணற்றடியில், வண்டியில் போனால் ஒரு முழுப் பகல். கால் இரண்டும் வீங்கி, ரத்த அழுத்தம் ஏறிக் கிடந்தவளைப் பார்த்துவிட்டு மருந்தகத்து நர்ஸ் பட்டென்று சொல்லிவிட்டாள்: "இவளை வண்டியில ஏத்தினா ரெண்டு உசிருக்கும் நான் பொறுப்பில்ல." அதனால் மகள் தாயிடம் போக முடியாது. தாய்தான் மகளிடம் வர வேண்டும்.

"எங்கம்மா வராம நான் பெக்க மாட்டேன்" என்றாள் ஹவுலத்தா. கால்களைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தாள்.

"அது உன் கையிலயா இருக்கு? சரி, ஆளனுப்பிக் கூட்டிட்டு வரச் சொல்றேன்."

"எந்த ஆளை? உங்க தம்பி தமன்ராசெத்துல லாரி ஓட்டறாரு. வண்டி உங்ககிட்ட இருக்கு. நீங்கதான் போகணும்."

"நானா? உங்கம்மாவை நான் ஏத்திக்கிட்டு வர்றதா? பாக்கறவன் காறித் துப்புவான்."

"அகாலியைக் கூட்டிட்டுப் போங்க. பேச வேண்டியதையெல்லாம் அவன் பேசுவான்."

"அவன் பேச வேண்டாததையும் பேசுவானே."

சிரித்தாள். சிரித்ததும் எங்கோ இழுத்துப் பிடித்தது போல, விலாவை அழுத்திக்கொண்டாள். "கேளுங்க. அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கு. தண்ணி தாராளமா வச்சுக்கோங்க. வண்டியை அடிக்கடி நிறுத்துங்க."

"எதுக்கு நிறுத்தணும்?"

"நிறுத்துங்கன்னா நிறுத்துங்களேன்."

அமஸ்தானுக்குப் புரிந்தது. புரிந்ததும் காது இரண்டும் சுட்டன. மாமியார் ஒதுங்கப் போகிற விஷயத்தை மருமகன் தெரிந்து வைத்திருப்பதே அசிங்கம். அதை நினைத்து வண்டியை வேறு நிறுத்துவதா? சரி, அகாலி பார்த்துக்கொள்வான் என்று அந்தப் பேச்சை அங்கேயே புதைத்துவிட்டான்.

அகாலி கொல்லன். அவன் அப்பன், பாட்டன் எல்லோரும் ஹவுலத்தாவின் தாய்வழிக்குத்தான் பூட்டும் கத்தியும் ஒட்டகச் சேணமும் செய்து கொடுத்தவர்கள். இப்போது அவன் ரேடியேட்டருக்குப் பற்று வைக்கிறான், கெட்டிலுக்கு மூக்கு ஒட்டுகிறான். அவன் பெண்டாட்டி பிரசவம் பார்ப்பாள். பெண் கேட்பது, சண்டையை விலக்குவது, வாய்விட்டுச் சொல்ல முடியாததைச் சொல்வது எல்லாம் கொல்லர் வேலை. கொல்லனுக்கு வெட்கம் கிடையாது என்று ஊரே சொல்லும். அதை முதலில் சொல்கிறவன் அகாலிதான்.

போகும் வழியெல்லாம் அவன் வாய் மூடவில்லை. எல்லைக் கம்பியைச் சுற்றிக்கொண்டு, ராணுவக் காவல் இல்லாத கல்வெளி வழியாகத்தான் போக வேண்டும். மக்ரோனியும் பால்பவுடரும் அந்தப் பக்கம் கொண்டுபோய் ஆடுகளை இந்தப் பக்கம் கொண்டுவருகிற அமஸ்தானுக்கு அது பழகிய தடம். ஆனால் மே மாத வெயில், கிழட்டு வண்டி. ரேடியேட்டர் ஒரு கேன் தண்ணீரை முழுசாகக் குடித்துவிட்டது. இரண்டாவது கேன் நிறைய இருந்தது. பக்கவாட்டில் தொங்கிய தோல்பையிலும் தண்ணீர் இருந்தது.

சாயங்காலம் போய்ச் சேர்ந்தார்கள். மணலுக்குள் சுட்ட ரொட்டியைப் பிய்த்து வெண்ணெயும் கறிக்குழம்பும் ஊற்றிப் பிசைந்து ஒரு மரத்தட்டு கூடாரத்துக்குப் பின்னால் வந்தது. அமஸ்தான் இரண்டு வாய்தான் எடுத்தான். உள்ளே மாமியார் இருக்கிற நினைப்பில் கையை இழுத்துக்கொண்டான்.

"உள்ள மாமியார் பசியோட உக்காந்திருக்காங்க. வெளிய மாப்பிள்ளை பசியோட உக்காந்திருக்கீங்க" என்றான் அகாலி, விரலைச் சப்பிக்கொண்டே. "நடுவுல நான் ஒருத்தன் ரெண்டு பந்தியிலயும் சாப்பிட்டுட்டேன். இந்த முறையைக் கண்டுபிடிச்சவன் கொல்லனாத்தான் இருக்கணும்."

"மெதுவா பேசு. கேக்கும்."

"கேக்கட்டுமே. நாளைக்கு ஒரே வண்டியில வரப்போறீங்க. மூச்சு விடறதாவது கேக்காதா?"

காலையில் கிளம்பும்போது காற்று எழும்பிவிட்டது. மாமியார் தகாமா வாட்டசாட்டமான பெண்மணி. முட்டி இரண்டும் போய்விட்டன. நான்கு பெண்கள் சேர்ந்து, தள்ளியும் இழுத்தும், சிரித்தும் திட்டியும் அவளை வண்டியின் திறந்த பின்தட்டில் ஏற்றினார்கள். அமஸ்தான் அவ்வளவு நேரமும் டயரைப் பார்த்துக்கொண்டு முன்பக்கம் நின்றான். பெயர் வைக்கிற அன்று அறுக்க ஒரு செம்மறிக்கிடாவும் ஏறியது. அவளுக்கு முட்டுக்கொடுக்க மூட்டைகளை அடுக்கி, மேலே கம்பளி விரித்தார்கள்.

தண்ணீர் பிடிக்கப் போகலாம் என்று அமஸ்தான் திரும்பியபோதுதான் பார்த்தான். மூட்டைகளோடு மூட்டையாகக் காலிக் கேனையும் அடுக்கி, அதன்மேல் மாமியாரை உட்கார வைத்திருந்தார்கள். கேனின் மஞ்சள் மூலை மட்டும் கம்பளிக்கு வெளியே தெரிந்தது.

அகாலியைத் தேடினான். அகாலி கூடாரம் கூடாரமாக விடைபெறப் போயிருந்தான். விடைபெறப் போனால் கொல்லன் வெறுங்கையோடு திரும்ப மாட்டான், அதற்கு நேரம் ஆகும். அந்தப் பெண்களிடம் சொல்லலாம். சொன்னால் அந்த அம்மாளை மறுபடி நான்கு பேர் பிடித்து இறக்க வேண்டும், மறுபடி ஏற்ற வேண்டும், எல்லாம் அவன் கண் முன்னால், அவன் கேட்டதற்காக. 'எழுந்திருங்கள், நீங்கள் என் கேன்மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள்' என்று மாமியாரிடம் சொல்லியனுப்பிய மருமகன் என்று ஊர் உள்ளளவும் சொல்வார்கள். ஒரு கேன் நிறைய இருக்கிறது, ஒரு பகல் ஓட்டம்தானே என்று நினைத்தான். கிணறு கூப்பிடு தூரத்தில் இருந்தது. வண்டியை எடுத்துவிட்டான்.

அகாலி மடியில் ஒரு பொதி வெண்ணெயோடு முன்னால் ஏறி உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் பேசினான். பிறகு வாயைத் திறந்தபடியே தூங்கிப்போனான். அடிக்கடி நிறுத்துங்க என்று ஹவுலத்தா சொன்னது அமஸ்தானுக்கு ஞாபகம் இருந்தது. ஒவ்வொரு மேட்டிலும் ஞாபகம் வந்தது. ஆனால் நிறுத்தினால் எதற்கு நிறுத்தினேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். வேண்டுமானால் மேல்தகரத்தைத் தட்டுவாள், தட்டினால் அகாலியை எழுப்பலாம் என்று இருந்தான். அவள் தட்டவே இல்லை.

வெயில் ஏறுகிற நேரத்துக்கு ரேடியேட்டர் குழாய் பிளந்துகொண்டது. துணியும் சோப்பும் வைத்துக் கட்டினார்கள். கேனில் முக்கால்வாசி அதற்குள் போயிற்று. கொஞ்ச தூரம் ஓடி, மணல் படிந்த ஒரு பள்ளத்தில் இறங்கியபோது பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். இஞ்சின் கத்தியது, சக்கரம் அசையவில்லை. அகாலி வண்டிக்கடியில் தலையை விட்டுப் பார்த்துவிட்டு வந்தான்.

"அச்சு முறிஞ்சு போச்சு மாப்பிள்ளே. இது என் பட்டறையில இருந்தாலும் ஆகாது."

"நான் நடக்கிறேன். நீ அவங்களோட இரு."

"எங்க நடப்பீங்க? அந்தக் கருமலைக்குப் பின்னால என் சகலை ஒட்டகம் மேய்க்கிறான். அவன் கிணறு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப நான்தான் போகணும்." தோல்பையை அவிழ்த்துத் தோளில் மாட்டிக்கொண்டு, வண்டியில் மிச்சம் இருந்த கேனை ஆட்டிப் பார்த்தான். அடியில் கொஞ்சம் கலகலத்தது. "இன்னொரு கேன் எங்க?"

அமஸ்தானின் கண் பின்தட்டுப் பக்கம் போய்வந்தது. அகாலி பின்தட்டைப் பார்த்தான், கம்பளிக்கு வெளியே தெரிந்த மஞ்சள் மூலையைப் பார்த்தான், அமஸ்தானைப் பார்த்தான். பின்பக்கம் போய், "அம்மா, நான் போய் ஆள் கூட்டியாறேன். இறங்கி நிழலுக்கு வர்றீங்களா?" என்று கேட்டான்.

"இங்கயே இருக்கேன். நீ போ" என்றாள் தகாமா.

அவன் தலை மேட்டுக்குப் பின்னால் மறைந்ததும், அந்த வெளியில் பேசக்கூடாத இரண்டு பேர்தான் மிச்சம்.

அமஸ்தான் கேனைக் கொண்டுபோய், முகத்தைத் திருப்பிக்கொண்டு, பின்தட்டின் ஓரத்தில் அவளுக்குக் கையெட்டும்படி வைத்தான். ஒரு கிண்ணத்தையும் வைத்தான். முன்பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டான். வண்டியின் நிழல் இவன் பக்கம்தான் இருந்தது. அவள் வெயிலில் இருக்க நான் நிழலில் இருக்கக்கூடாது என்று எழுந்து போய் வெயிலில் உட்கார்ந்தான். நிழல் சும்மா கிடந்தது. கிடா குதித்திறங்கி அதில் படுத்துக்கொண்டது.

வெகுநேரம் கழித்து மாமியாரின் குரல் வந்தது.

"ஏ கிடாவே."

அமஸ்தான் தலையை நிமிர்த்தினான். கிடா நிமிர்த்தவில்லை.

"கிடாவே, தண்ணி குடிக்க வேண்டியவங்க வந்து குடிச்சுக்கலாம். நான் அந்தப் பக்கம் திரும்பித்தான் உக்காந்திருக்கேன்."

அவனுக்குச் சிரிப்பும் வந்தது, உடம்பும் கூசியது. ஆனாலும் வழி கிடைத்துவிட்டதே. "கிடாவே, பெரியவங்ககிட்ட சொல்லு. இங்க இருக்கறவங்க அகாலி போறப்பவே வயிறு முட்டக் குடிச்சாச்சு. அவங்க குடிக்கட்டும்."

"நானும் குடிச்சாச்சுன்னு சொல்லு."

"கிடாவே, கீழ நிழல் இருக்குன்னு சொல்லு. நான் அந்த மேட்டுக்கு அப்பால போயிடறேன். இறங்கி உக்காரச் சொல்லு."

"எனக்கு இங்கயே சௌகரியம்னு சொல்லு."

தகரம் கை வைக்க முடியாமல் கொதிக்கிறது. இதில் என்ன சௌகரியம்? இறங்க முடியாமல் முட்டி வலிக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டான். கைகொடுக்க அவன் போக முடியாது. உச்சி திரும்பியபின் கேனை நகர்த்தி வைக்கிற சாக்கில் தூக்கிப் பார்த்தான். வைத்தபோது இருந்த கனம் அப்படியே இருந்தது.

"கிடாவே" என்றான், "இங்க யாரோ பொய் சொல்றாங்க. யாருன்னு கேளு."

பிறகு, "ரெண்டு பேருன்னு சொல்லு" என்று வந்தது.

அதன்பிறகு அவள் பேசவில்லை. வெயில் மஞ்சளாகி, காற்று மணலை இழுத்துக்கொண்டு ஓடியது. அமஸ்தானின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "கிடாவே, பெரியவங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்டான். பதிலில்லை. இன்னொரு முறை கேட்டான். மூன்றாவது முறை கிடாவை விட்டுவிட்டு, "அத்தை!" என்று கத்தினான்.

பின்பக்கம் ஓடினான். தகாமா மூட்டைமேல் ஒருக்களித்துச் சாய்ந்திருந்தாள். உதடு வெடித்து வெளுத்திருந்தது. கண் பாதி மூடிக் கிடந்தது. வெயில் நேராக முகத்தில் அடித்தது. மறைக்க அவனிடம் என்ன இருந்தது? தார்ப்பாய் இல்லை. கம்பளி அவள் அடியில். அவன் உடம்பில் நீளமாக இருந்த துணி ஒன்றே ஒன்றுதான், முகத்துணி.

அவன் மீசை முளைத்த நாளிலிருந்து அதை மற்றவர் முன்னால் அவிழ்த்ததில்லை. மனைவி அவன் வாயைப் பார்த்ததே கல்யாணமாகி எத்தனையோ நாள் கழித்து. சுற்றுச்சுற்றாக அவிழ்த்தான். ஒரு நுனியை வண்டிக் கூரையில் முடிந்து, மறுநுனியை மண்வெட்டிக் காம்பில் கட்டி நட்டு, அவள்மேல் நிழல் விழும்படி இழுத்தான். வெறும் தலை, வெறும் மூக்கு, வெறும் வாய். நடுத்தெருவில் இடுப்புத்துணி அவிழ்ந்து விழுந்தால்கூட அவ்வளவு கூசியிருக்காது. கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி உதட்டில் வைத்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அத்தை, குடிங்க. உங்க பொண்ணு உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கா. உங்களைப் பொணமா கொண்டுபோய் இறக்கினா அவ பிழைக்க மாட்டா. குடிங்க."

தகாமா கண்ணைத் திறந்தாள். அவனை முழுசாகப் பார்த்தாள். முகத்துணியின் சாயம் ஏறி நீலம் பாய்ந்த கன்னத்தை, சவரம் செய்யாத தாடையை, நடுங்குகிற வாயைப் பார்த்தாள். பிறகு கிடா இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"கிடாவே" என்றாள் நூல்போன்ற குரலில், "அந்தப் புள்ளைகிட்ட சொல்லு. இந்த வெயில்ல எனக்குக் கண்ணே தெரியல."

அவள் குடித்தாள். அவன் அழுதுவிட்டான். அவமானத்தில் அழுதானா, அவள் சொன்ன பொய்க்காக அழுதானா என்று அவனுக்கே தெரியாது.

"அந்தப் புள்ளையும் குடிக்கட்டும்" என்றாள். "எனக்குத்தான் கண்ணு தெரியலையே."

அவள் எதிரிலேயே குடித்தான். தொண்டையில் தண்ணீர் இறங்குகிற சத்தம் ஊருக்கே கேட்பது போல இருந்தது.

கொஞ்சம் தெம்பு வந்ததும் தகாமா, "கிடாவே, எல்லாரும் அந்த மேட்டுக்கு அப்பால போய், நான் கூப்பிடற வரைக்கும் அங்கயே இருக்கணும்" என்றாள். அவன் போனான். அவள் எப்படித்தான் தனியாக இறங்கினாளோ தெரியாது. ஏதோ விழுகிற சத்தம் கேட்டது, முனகல் கேட்டது, போகலாமா கூடாதா என்று தவித்து நின்றான். கூப்பிட்டபோது போனான். அவள் வண்டியின் நிழலில் உட்கார்ந்திருந்தாள். கம்பளியை மணலில் விரித்துக் காயப்போட்டிருந்தாள். நடுவில் பெரிதாக ஈரம். பக்கத்தில் காலிக் கேன்.

அவள் ஏன் தகரத்தைத் தட்டவில்லை, ஏன் இறங்க மறுத்தாள், ஏன் குடிக்கவில்லை என்பதெல்லாம் அந்தக் கம்பளியைப் பார்த்ததும் விளங்கியது. ஹவுலத்தா கேட்டுக்கொண்டது இரண்டே விஷயம். தண்ணீர் தாராளமாக வைத்துக்கொள், அடிக்கடி நிறுத்து. இரண்டையும் அவன் செய்யவில்லை. ஒரு பெரிய மனுஷியை அவள் ஈரத்திலேயே உட்கார்ந்து வேகும்படி விட்டுவிட்டான். மண் பிளந்து விழுங்கக்கூடாதா என்று இருந்தது.

"கிடாவே" என்றான். அவள் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, கிடாவின் கழுத்து மயிரைப் பிடித்துக்கொண்டு. "வண்டியை அடிக்கடி நிறுத்தச் சொல்லித்தான் அனுப்பினா. நான்தான் நிறுத்தல. கேன் காலியா அங்க இருந்ததும் எனக்குத் தெரியும். கேக்க வெட்கமா இருந்துச்சு. எல்லாம் நான் பண்ணினது."

"கிடாவுக்கு எதுக்கு அந்தக் கதையெல்லாம்?" என்றாள் தகாமா. "அது பாவம், நாளைக்கு அறுபடப்போற ஜீவன்."

மறுநாள் அகாலி இரண்டு ஒட்டகத்தோடும் தண்ணீர்ப்பைகளோடும் வந்து சேர்ந்தான். சகலை இடம் மாறிப் போயிருந்தானாம், தேடிப் பிடிக்க நேரமாகிவிட்டதாம். வந்தவன் காய்ந்த கம்பளியைப் பார்த்தான், கசங்கிய முகத்துணியைத் திரும்பச் சுற்றியிருந்த அமஸ்தானைப் பார்த்தான். கொல்லன் ஒரு கேலிகூடப் பேசவில்லை. ஒட்டகத்தில் போய் ஒரு மாவு லாரியைப் பிடித்து, அன்று சாயங்காலம் ஊருக்கு வந்துவிட்டார்கள். ஹவுலத்தா தாயைப் பார்த்ததும் வாய்விட்டு அழுதாள். நர்ஸ் வந்து தகாமாவுக்கு ஊசிவழி தண்ணீர் ஏற்றினாள். உள்ளறையில் தாயும் மகளும் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருந்தார்கள். வாசலில் ஒரு திரை தொங்கியது.

முற்றத்தில் ஆண்கள் வழக்கமான மூன்று சுற்று டீ குடிக்க உட்கார்ந்தார்கள். ஹவுலத்தாவின் தாய்மாமன் கமிதூன் நடுவில் இருந்தார். தகாமாவுக்கு அண்ணன். அவர் சொன்னால் அந்தக் குடும்பத்தில் மறுபேச்சு இல்லை. மருமகன் முகத்துணியை அவிழ்த்து மாமியாருக்கு நிழல் கட்டிய கதையை லாரிக்காரனிடம் தகாமாவே சொல்லியிருந்தாள் போலும், அது ஊரெல்லாம் பரவிவிட்டது. ஆளாளுக்கு அமஸ்தானைத் தட்டிக்கொடுத்தார்கள். "மானத்தைக் கழட்டி உசிரைக் காப்பாத்தின ஆம்பளைடா நீ" என்றார் ஒருவர். ஒவ்வொரு பாராட்டுக்கும் அமஸ்தான் கூனிக் குறுகிக்கொண்டே போனான்.

முதல் டீ ஆனதும் கமிதூன் ஆரம்பித்தார். "எல்லாம் சரி. தெபக் கிணத்துலேர்ந்து கிளம்பறவங்க ஒரே ஒரு கேன் தண்ணியோட ஏன் கிளம்பினீங்க? இன்னொரு கேன் காலியாவே வந்திருக்கே."

அமஸ்தான் டம்ளரைப் பார்த்தான். நாக்கு மறுபடி ஒட்டிக்கொண்டது. 'மாமியாரை எழுப்பக் கூசினேன்' என்று இத்தனை பேர் நடுவில் சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்தது 'ஏன் நிறுத்தவில்லை' என்று வரும். அதற்கடுத்தது கம்பளி.

"நான்தான்" என்றான் அகாலி. பல்லைக் காட்டிச் சிரித்தான். "தண்ணி பிடிக்கிறது என் வேலை. நான் வெண்ணெய் வாங்கப் போயிட்டேன். மறந்துட்டேன்."

"மறந்துட்டியா?"

"கொல்லன் மூளை அவ்வளவுதானே."

யாரோ சிரித்தார்கள். கமிதூன் சிரிக்கவில்லை. "சர்க்கரை உள்ளவங்க வண்டியில இருக்காங்க. நிறுத்தச் சொல்றதும் உன் வேலைதான். அதையாவது செஞ்சியா?"

"தூங்கிட்டேன்." இது நிஜம்.

இரண்டாவது டீ வந்தது. கமிதூன் அகாலிக்கு நீட்டிய டம்ளரைப் பாதியில் நிறுத்திக் கீழே வைத்தார். "உன் அப்பன் எங்க வீட்டுக்கு வாயா இருந்தவன். நீ வயிறா இருக்கே. என் தங்கச்சி செத்திருப்பா. பெயர் வைக்கிற அன்னைக்கு இந்த வீட்டு வாசலை நீ மிதிக்காதே. உன் பெண்டாட்டியும் வர வேண்டாம். வேற கொல்லனைப் பாத்துக்கறோம்."

அகாலியின் சிரிப்பு அப்படியே இருந்தது, உள்ளே இருந்தது மட்டும் போய்விட்டது. அவன் அமஸ்தானைப் பார்த்தான். ஒரே ஒரு முறைதான் பார்த்தான். அமஸ்தான் முகத்துணியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டான். மூன்றாவது டீ கொதித்தது. இப்போது சொல்லிவிடலாம், இந்தச் சுற்று ஊற்றி முடிக்கட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தான். ஊற்றி முடித்தார்கள். குடித்தும் முடித்தார்கள்.

"அண்ணா."

திரைக்கு உள்ளேயிருந்து வந்தது. தகாமாவின் குரல். மருமகன் இருக்கிற சபையில் அவள் குரல் கேட்பது அதுதான் முதல் தடவை. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"கொல்லன் அங்க இல்லவே இல்ல. கேன்மேல உக்காந்திருந்தது நான். ஏறினப்பவே கையால தட்டிப் பாத்தேன், காலின்னு எனக்குத் தெரியும். எறங்கணும்னா நாலு பேர் என்னைத் தூக்கணும், மாப்பிள்ளை பாக்க. வெட்கப்பட்டுக்கிட்டு இருந்துட்டேன். அவரும் வெட்கப்பட்டாரு."

"சரி தகாமா, போதும்—"

"போதாது. நிறுத்தச் சொல்லித் தகரத்தைத் தட்டறது என் கையிலதான் இருந்துச்சு. தட்டல. உக்காந்த இடத்துலயே ஒண்ணுக்குப் போயிட்டேன். எழுந்தா தெரிஞ்சிடும்னுதான் நிழலுக்கும் இறங்கல, தண்ணியும் குடிக்கல. கேட்டாச்சா எல்லாரும்? இதுல கொல்லன் எங்க வந்தான்? இந்த வீட்டுல குழந்தை பொறந்தா அவன் பெண்டாட்டிதான் கையில வாங்கணும்."

கமிதூன் தன் முகத்துணியை ஏற்றிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.

அகாலி எழுந்தான். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே போனான். அமஸ்தான் பின்னாலேயே ஓடினான்.

"அகாலி, நில்லு. நான் சொல்லத்தான் இருந்தேன்."

"எப்ப?" அகாலி நின்றான். "மூணு டீயும் முடிஞ்சு போச்சு. எப்ப சொல்லத்தான் இருந்தே?"

அவனை அகாலி இதுவரை 'நீங்க' என்றுதான் பேசியிருக்கிறான்.

"நான் பொய் சொன்னது உனக்குத் தெரியாதா?" என்றான் அகாலி. குரலை உயர்த்தவில்லை. "கேன் எங்க இருந்துச்சுன்னு நான் பாத்தேன். நீ பாத்ததையும் பாத்தேன். உன் மூஞ்சியைக் காப்பாத்தணும்னு சொன்னேன். கொல்லனுக்கு வெட்கம் இல்லையே, எதையும் சுமப்பான். ஆனா நீ 'இல்ல மாமா, அவன் இல்ல'ன்னு ஒரு வார்த்தை சொல்லுவேன்னு நினைச்சேன். சொன்னா நான் சிரிச்சிட்டு உக்காந்திருப்பேன். அந்த அம்மா தன் மூத்திரத்தைச் சபையில கொட்டினாங்க, எனக்காக. அதை அவங்க சொல்லும்படி விட்டுட்டியே."

"அகாலி..."

"எனக்கு வெட்கமா இருக்கு" என்றான் அகாலி.

உள்ளேயிருந்து ஹவுலத்தாவின் அலறல் வந்தது. ஒரு பெண் தலையை நீட்டி, "வலி எடுத்திருச்சு! கொல்லன் வீட்டுல சொல்லுங்க!" என்று கத்தினாள். அமஸ்தான் ஓடத் தயாரானான். அகாலி அவன் மார்பில் கையை வைத்து நிறுத்தினான்.

"என் வீட்டுக்கு நீ வராதே" என்று சொல்லிவிட்டு, பெண்டாட்டியைக் கூட்டிவர அகாலியே ஓடினான்.